தொட்டிக்குள் விழுந்த பந்து

1999 மே மாதம். திண்டிவனத்திலிருந்து மயிலம் போகும் சாலையை ஒட்டிய ஒரு கிராமம். அறுவடை முடிந்து காய்ந்து கிடந்த கழனிகளில் வரப்பைக் கொத்திச் சமன்படுத்திப் போட்ட மைதானம். ஊர் அணிக்கும் காலனி அணிக்கும் இறுதி ஆட்டம். நான் ஊர்ப் பக்கத்துப் பையன். காலில் அடிபட்டு ஆட முடியாமல் போனதால் ஸ்கோர் நோட்டு என் கையில் இருந்தது.

எங்கள் ஆள் ஒருவன் தூக்கி அடித்த பந்து, மோட்டார் கொட்டாயை ஒட்டியிருந்த சிமெண்ட் தொட்டிக்குள் போய் விழுந்தது. அந்தப் பக்கம் எல்லைக்கோடு கிடையாது. ஓடி எடுக்கிற ரன்தான் கணக்கு. பந்தைத் துரத்திக்கொண்டு போன காலனிப் பையனுக்குப் பதினைந்து வயது இருக்கும். மூச்சிரைக்கத் தொட்டி வரைக்கும் ஓடியவன் அங்கேயே நின்றுவிட்டான். டென்னிஸ் பந்து தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது. கையை நீட்டினால் எட்டிவிடும். அவன் நீட்டவில்லை. அந்தத் தொட்டித் தண்ணீரில் காலனிக்காரர்கள் கை வைக்கக் கூடாது என்பது அவனுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். மட்டை பிடித்தவர்கள் ஓடிக்கொண்டே இருந்தார்கள். மூன்று, நான்கு, ஐந்து. எங்கள் பக்கத்திலிருந்து ஒருவன் மெதுவாக நடந்துபோய்ப் பந்தை எடுத்துத் தரையில் உருட்டிவிட்டபோது ஏழு ஓடி முடித்திருந்தார்கள். நோட்டில் 7 என்று எழுதினேன். காலனி அணி நான்கு ரன்னில் தோற்றது.

அன்று யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தப் பையன் பேசியிருந்தால், "ஆட்டத்துல சாதிய இழுக்காதடா" என்று அடக்கியிருப்பார்கள். நான் பேசியிருந்தால், "உனக்கு இன்னா வந்துச்சி, நீ ஏன் பேசற?" என்று கேட்டிருப்பார்கள். அடிபட்டவன் பேசினால் பிரச்சினை கிளப்புகிறான் என்பார்கள். அடிபடாதவன் பேசினால் அவனுக்கு அதில் என்ன வேலை என்பார்கள். இரண்டு வாயையும் இப்படி அடைத்துவிட்டால் பேசுவதற்கு மூன்றாவது வாய் எதுவும் மிச்சமில்லை. விளையாட்டு வீரர்கள் அரசியல் பேசலாமா, நிறத்தையும் சாதியையும் பற்றிப் பேச யாருக்கு உரிமை என்று உலகம் முழுக்க நடக்கும் விவாதத்தைக் கேட்கும்போதெல்லாம் அந்தத் தொட்டிக்கரைதான் என் கண்முன் வருகிறது.

2021 அக்டோபர் 24. துபாயில் டி-20 உலகக் கோப்பையில் இந்தியாவும் பாகிஸ்தானும் மோதிய ஆட்டம். தொடங்குவதற்கு முன் இந்திய வீரர்கள் ஒரு கால் முட்டியைத் தரையில் ஊன்றி, கறுப்பின மக்களின் உயிருக்கும் மதிப்புண்டு என்ற இயக்கத்துக்கு ஆதரவு காட்டினார்கள். நிர்வாகம் சொன்னது, செய்தோம் என்று அணித் தலைவர் விராட் கோலி பின்னர் விளக்கினார். அன்று பத்து விக்கெட் வித்தியாசத்தில் இந்தியா தோற்றது. அன்றிரவே முகமது ஷமியின் மதத்தைச் சொல்லி சமூக ஊடகங்களில் வசை பொழிந்தார்கள். அமெரிக்காவில் நடந்த அநீதிக்காகச் சில மணி நேரத்துக்கு முன் மண்டியிட்ட பதினொருவரில் ஷமியும் ஒருவர்.

ஆறு நாள் கழித்து, அக்டோபர் 30 அன்று, கோலி வாய் திறந்தார். ஒருவரை அவருடைய மதத்துக்காகத் தாக்குவதைவிடக் கேவலமான செயல் வேறில்லை என்ற பொருளில் அழுத்தமாகப் பேசினார். அவர் முஸ்லிம் இல்லை. ஷமிக்காகப் பேச அவருக்கு என்ன உரிமை என்று கேட்டவர்களும் இருந்தார்கள். கைக்குழந்தையாக இருந்த அவருடைய மகளைக் குறிவைத்து இணையத்தில் அருவருப்பான மிரட்டல் வந்தது, அதற்காக ஒருவர் கைதும் செய்யப்பட்டார். நிர்வாகம் சொல்லி மண்டியிட்டதால் கோலிக்கு ஒரு நட்டமும் வரவில்லை. தானாக முன்வந்து, தன் ரசிகர்களின் முகத்தைப் பார்த்துப் பேசியதற்கு அவர் விலை கொடுத்தார். முட்டி மண்ணில் பட்டதைவிட இந்தப் பேச்சுதான் கனமானது என்று நான் நினைக்கிறேன்.

அதே உலகக் கோப்பையில் இன்னொன்றும் நடந்தது. ஆட்டக்காரர்கள் எல்லோரும் மண்டியிட வேண்டும் என்று தென்னாப்பிரிக்க வாரியம் உத்தரவு போட்டபோது, அக்டோபர் 26 அன்று குவின்டன் டி காக் ஆட்டத்திலிருந்தே விலகினார். பிறகு மன்னிப்புக் கேட்டு விளக்கம் அளித்தார்; தன் குடும்பத்திலேயே கலப்பின, கறுப்பின உறவுகள் உண்டு என்றார். உத்தரவின் பேரில் செய்யும் மரியாதை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதற்கு அது ஒரு பாடம். அவரைத் திட்டியவர்களோடும் பாராட்டியவர்களோடும் என்னால் முழுதாகச் சேர முடியவில்லை.

அதற்கு முன், அதே ஆண்டு ஆகஸ்ட். டோக்கியோ ஒலிம்பிக்கில் மகளிர் ஹாக்கி அரையிறுதியில் இந்தியா அர்ஜென்டினாவிடம் தோற்றது. ஹரித்துவாருக்கு அருகே ரோஷனாபாத் கிராமத்தில், வந்தனா கட்டாரியாவின் வீட்டு வாசலில் சிலர் பட்டாசு வெடித்தார்கள், சாதி சொல்லி ஏசினார்கள். அணியில் தலித்துகள் அதிகமானதால்தான் தோற்றோம் என்றார்கள். அதற்குச் சில நாள் முன்புதான் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக மூன்று கோல் அடித்து, ஒலிம்பிக் ஹாக்கியில் ஹாட்ரிக் அடித்த முதல் இந்தியப் பெண் ஆகியிருந்தார் வந்தனா. அந்த ஆண்டு மே மாதம் அவருடைய அப்பா இறந்தபோது பயிற்சி முகாமை விட்டு ஊருக்குப் போக முடியாமல் இருந்தவர் அவர். ஏசியது 4-ஆம் தேதி. 6-ஆம் தேதி வெண்கலத்துக்கான ஆட்டத்தில் பிரிட்டனுக்கு எதிராக வந்தனா ஒரு கோல் அடித்தார். இந்தியா 3-4 என்று தோற்றது.

மறுநாளிலிருந்து எல்லோரும் வந்தனாவிடமே ஒலிவாங்கியை நீட்டினார்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், உங்களுக்கு எப்படி இருந்தது? அவமானப்பட்டவரே அவமானத்துக்கு விளக்கமும் சொல்ல வேண்டியிருக்கிறது. அணித் தலைவி ராணி ராம்பால், இது வெட்கக்கேடு என்று வெளிப்படையாகச் சொன்னது எனக்கு ஆறுதலாக இருந்தது. ஆனால் அந்தக் கேள்வி அன்று கிரிக்கெட் அணியின் ஓய்வறைக்கும் போயிருக்க வேண்டும். இந்தியாவுக்கு ஆடும் ஒவ்வொருவரிடமும் கேட்டிருக்க வேண்டும். பாதிக்கப்பட்டவருக்குத்தான் பேச உரிமை என்று சொல்லிவிட்டால், பேசும் சுமையும் அவர் தலையிலேயே விழுந்துவிடும். மற்றவர்கள் நிம்மதியாகக் கிளம்பிவிடுவார்கள்.

நம் தமிழ்நாட்டுக்கு வருவோம். வீரர்கள் அரசியல் பேசக் கூடாது என்று நாம் ஒன்றும் கட்டுப்பெட்டியாக இருந்ததில்லை. 2017 ஜனவரியில் மெரினாவில் ஜல்லிக்கட்டுக்காகக் கூட்டம் திரண்டபோது ரவிச்சந்திரன் அஸ்வின் ஆதரவாக எழுதினார், மகிழ்ந்தோம். 2018 ஏப்ரலில் காவிரிக்காகத் தமிழ்நாடு கொதித்துக்கொண்டிருந்த நேரத்தில் சேப்பாக்கத்தில் ஐபிஎல் எதற்கு என்று கேட்டோம். மைதானத்துக்குள் செருப்பு பறந்தது, சென்னையில் நடக்கவிருந்த மற்ற ஆட்டங்கள் புனேவுக்குப் போயின. 2025 ஜனவரியில் ஒரு பொறியியல் கல்லூரி விழாவில், இந்தி தேசிய மொழி இல்லை, அலுவல் மொழிதான் என்று அஸ்வின் சொன்னபோது அரங்கம் அதிர்ந்தது. நானும் கைதட்டினேன், அதில் எனக்கு வருத்தம் ஏதும் இல்லை. நம் வீரர் டெல்லியைப் பார்த்துப் பேசினால் நமக்குப் பிடிக்கிறது. நம் தெருவைப் பார்த்துப் பேசினால் பிடிக்குமா?

2017 ஆகஸ்டில் கிரிக்கெட் வீரர் அபினவ் முகுந்த், தன் நிறத்துக்காக ஆண்டுக்கணக்காகக் கேட்ட ஏச்சுகளை ட்விட்டரில் ஒரு கடிதமாக எழுதினார். வெயிலில் நாள் முழுக்க நின்று ஆடுபவன், தன் கறுப்புக்காக யாரிடமும் வருத்தம் தெரிவிக்க வேண்டியதில்லை என்ற தெளிவு அதில் இருந்தது. 2021 நவம்பரில் லக்ஷ்மண் சிவராமகிருஷ்ணன், வாழ்நாள் முழுக்க நிறத்துக்காகப் பாகுபாட்டுக்கு ஆளானதாகச் சொன்னார். 17 வயதில் இந்திய அணிக்கு ஆடியவர் அதைச் சொல்ல ஏறக்குறைய நாற்பது ஆண்டு ஆயிற்று. நிறத்தைப் பற்றிப் பேசவே இவ்வளவு காலம் என்றால் சாதியைப் பற்றிப் பேச எவ்வளவு காலம் ஆகும்?

விழுப்புரம் அருகே மேல்பாதி. தர்மராஜா திரௌபதி அம்மன் கோயில். பாரதக் கூத்தும் தீமிதியும் இந்தப் பக்கத்து மனிதர்களின் ரத்தத்தில் ஊறியவை. திரௌபதி அம்மன் இல்லாத ஊரை இங்கே தேடித்தான் பார்க்க வேண்டும். 2023 ஏப்ரல் 7 அன்று கோயிலுக்குள் போன தலித் இளைஞர்கள் தாக்கப்பட்டார்கள். ஜூன் 7 அன்று வருவாய்த் துறை கோயிலைப் பூட்டிச் சீல் வைத்தது. நீதிமன்றம் தலையிட்ட பிறகு 2024 மார்ச்சில் பூசாரி மட்டும் பூசை செய்யத் திறந்தார்கள். தலித் மக்கள் உள்ளே போய்க் கும்பிட்டது 2025 ஏப்ரல் 17 அன்று, போலீஸ் காவலோடு. சபையில் துகில் உரியப்பட்டு நியாயம் கேட்டு நின்றவளின் கோயில் அது. அந்த இரண்டு ஆண்டில் தமிழ்நாட்டின் பெரிய ஆட்டக்காரர் ஒருவர்கூட மேல்பாதி என்ற பெயரை உச்சரித்ததாக என் காதுக்கு எட்டவில்லை. எட்டியிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன்.

இந்த மாவட்டம் உரிமைக்காக உயிர் விட்டவர்களை மறக்கிற மண் இல்லை. 1987 செப்டம்பரில் இடஒதுக்கீடு கேட்டுப் போராடிச் சுடப்பட்டு விழுந்தவர்கள் உட்பட 21 பேருக்கு 2025 ஜனவரியில் விழுப்புரத்தில் மணிமண்டபம் திறந்தார்கள். 1978 ஜூலையில் இதே விழுப்புரம் நகரத்தில் 12 தலித்துகள் கொல்லப்பட்டார்கள். முதலாவதை ஊர்த் தெருவில் சொல்கிறார்கள், இரண்டாவதைக் காலனியில் சொல்கிறார்கள். இரண்டையும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து பேசுகிறவர்கள் குறைவு. அப்படிப் பேசக்கூடிய இடமாக மைதானம் இருந்திருக்கலாம். இரண்டு தெருப் பையன்களும் ஒரே மண்ணில் விழுந்து புரளும் இடம் வேறு எது இருக்கிறது?

ஆனால் சின்ன வீரனைப் பேசு பேசு என்று நெருக்குவதும் நியாயம் இல்லை. விழுப்புரம் பெருந்திட்ட வளாக மைதானத்துக்கு விடியற்காலையில் போய்ப் பாருங்கள். கபடிக்கும் ஓட்டத்துக்கும் வரும் பிள்ளைகளில் பாதிப் பேரின் கனவு பதக்கத்தோடு நின்றுவிடாது. ரயில்வே, போலீஸ், ராணுவம் என்று ஏதாவது ஒரு வேலை வேண்டும். தமிழ்நாட்டு அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. வேலை கிடைத்த மறுநாளே நடத்தை விதிகள் வந்து வாயைக் கட்டும். 2023-இல் டெல்லி ஜந்தர் மந்தரில் போராட உட்கார்ந்த மல்யுத்த வீரர்கள் வினேஷ் போகட், சாக்ஷி மாலிக், பஜ்ரங் புனியா மூவரும் அப்போது ரயில்வே ஊழியர்கள். உலகப் பதக்கம் வாங்கியவர்களையே மே 28 அன்று சாலையில் தரதரவென்று இழுத்துப் போனதை நாடே பார்த்தது. அதற்கு முன்பே, இந்தப் போராட்டம் நாட்டின் பெயரைக் கெடுக்கிறது என்று சொன்னவர் பி.டி. உஷா. ஓடி ஓடி நாட்டுக்குப் பெயர் வாங்கித் தந்தவர் அவர். அதைப் படித்த நாளில் எனக்கு ஏற்பட்ட வலியை இன்னும் மறக்க முடியவில்லை. அந்த மூவருக்கே இந்தக் கதி என்றால், செலக்‌ஷனுக்குப் பஸ் காசு தேடும் மரக்காணம் பிள்ளை எதை நம்பிப் பேசும்?

பாதிக்கப்பட்டவர் பேச வேண்டும் என்று சொல்கிறவர்கள், அவர் ஒரே குரலில் பேசுவார் என்றும் எதிர்பார்க்கிறார்கள். தலித் பந்துவீச்சாளர் பல்வங்கர் பாலுவின் கதையைப் படித்தவர்களுக்கு அந்த எதிர்பார்ப்பு இருக்காது. புனேயில் வெள்ளைக்காரர்களின் மைதானத்தில் வேலை செய்து, வலையில் பந்து போட்டுப் பழகியவர் பாலு. பிறகு இந்துக்கள் அணிக்கு ஆடியபோது, மைதானத்துக்குள் அவர் கை பட்ட பந்தை எல்லோரும் தொட்டார்கள். தேநீர் இடைவேளையில் அவருக்கு மட்டும் வெளியே மண் குவளையில் ஊற்றினார்கள். 1911-இல் இங்கிலாந்து போன இந்திய அணியில் 114 விக்கெட் எடுத்தார். இந்துக்கள் அணிக்குத் தலைவராக அவரைக் கடைசிவரை ஆக்கவில்லை. அவருடைய தம்பி விட்டல்தான் 1923-இல் அந்த இடத்துக்கு வந்தார்.

இளம் அம்பேத்கருக்கு ஆதர்சமாக இருந்தவர் பாலு. 1932-இல் தனி வாக்காளர் தொகுதி விவகாரம் முற்றியபோது, காந்தியோடு சமரசம் செய்துகொள்ளும்படி அம்பேத்கரிடம் வாதாடியவர்களில் பாலுவும், நம் சென்னை மாகாணத்து எம்.சி. ராஜாவும் இருந்தார்கள். 1937 தேர்தலில் பம்பாயில் அம்பேத்கரை எதிர்த்துக் காங்கிரஸ் வேட்பாளராகவே நின்றார் பாலு. சுமார் 2,000 வாக்கு வித்தியாசத்தில் தோற்றார். தீண்டாமையை நெஞ்சில் சுமந்த இருவர், ஒரே தொகுதியில் எதிரெதிரே. இதில் உண்மையான தலித் குரல் யாருடையது என்று வெளியிலிருந்து தீர்ப்புச் சொல்ல எவருக்கும் அருகதை கிடையாது. நான் அம்பேத்கர் பக்கம். ஆனாலும் மண் குவளையில் குடித்த மனிதருக்கு, தன் வழியைத் தானே தீர்மானிக்கும் உரிமை இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அப்படியானால் பாதிக்கப்படாதவருக்கு என்ன வேலை? 1968 அக்டோபர் 16, மெக்சிகோ சிட்டி ஒலிம்பிக். 200 மீட்டர் பரிசு மேடையில் கறுப்புக் கையுறை அணிந்து முஷ்டி உயர்த்திய டாமி ஸ்மித்தையும் ஜான் கார்லோஸையும் உலகம் அறியும். இரண்டாம் இடத்தில் நின்ற வெள்ளைக்காரர், ஆஸ்திரேலியாவின் பீட்டர் நார்மன். அவர் கை உயர்த்தவில்லை, உரை ஆற்றவில்லை. மனித உரிமைக்கான அவர்களுடைய இயக்கத்தின் பேட்ஜை மேடைக்குப் போகும் முன் கேட்டு வாங்கி நெஞ்சில் குத்திக்கொண்டார். கார்லோஸ் தன் கையுறையை மறந்துவிட்டு வந்திருந்தார். இருக்கும் ஒரு ஜோடியை ஆளுக்கொன்றாகப் போட்டுக்கொள்ளுங்கள் என்று யோசனை சொன்னவர் நார்மன்தான். அதனால்தான் அந்தப் படத்தில் ஒருவர் வலக்கையும் மற்றவர் இடக்கையும் உயர்த்தியிருக்கிறார்கள். சொந்த நாட்டில் நார்மனை ஒதுக்கினார்கள். 1972 மியூனிக் ஒலிம்பிக்குக்கு அவர் போகவில்லை. 2006-இல் அவர் இறந்தபோது ஸ்மித்தும் கார்லோஸும் கடல் கடந்து போய் அவருடைய சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தார்கள். ஆஸ்திரேலிய நாடாளுமன்றம் மன்னிப்புக் கேட்டது 2012-இல்.

நார்மனைத் தேடி நான் மெக்சிகோ வரைக்கும் போகத் தேவையில்லை. திண்டிவனத்திலேயே பேராசிரியர் பிரபா கல்விமணி இருக்கிறார். கல்லூரியில் இயற்பியல் நடத்தியவர். இருளர் பழங்குடியைச் சேர்ந்தவர் இல்லை. 1993-இல் அத்தியூரில் ஓர் இருளர் பெண்ணைக் காவலர்களே சீரழித்த வழக்கைக் கையில் எடுத்ததிலிருந்து அந்த மக்களோடு நிற்கிறார். 1996 முதல் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் இயங்குகிறது. அதில் அவருடைய பொறுப்பின் பெயர் ஒருங்கிணைப்பாளர். இருளர்களுக்காகப் பேச இவர் யார் என்ற கேள்வியை அவர் எத்தனை முறை எதிர்கொண்டிருப்பார்! சாதிச் சான்றிதழுக்கும் பொய் வழக்குக்கும் அலைந்து திரிந்த இருளர் குடும்பங்களோடு முப்பது ஆண்டாகக் கூடவே நடப்பதைத்தான் அவர் அதற்குப் பதிலாக வைத்திருக்கிறார்.

பாதிக்கப்படாதவர் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு விடாமல் இருப்பதும் நடக்கிறது, அதை மறைக்க மாட்டேன். காலனி இளைஞனைப் பின்வரிசையில் உட்கார வைத்துவிட்டு, மேடையில் சமத்துவம் பேசும் கூட்டங்களை நான் பார்த்திருக்கிறேன். அதனால் நான் பார்ப்பது பேசுகிறவரின் சாதியை இல்லை, அவர் முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதை. ஊர்க்காரன் காலனிக்குள் போய் அங்கிருப்பவர்களுக்குச் சாதிக் கொடுமை பற்றிப் பாடம் எடுக்க வேண்டியதில்லை, அவர்களுக்குத் தெரியாததா? அவன் பேச வேண்டியது தன் தெருவில், தன் அணியில், தன் மாமன் மச்சானிடம். அங்கே பேச அவனுக்கு உரிமை இருக்கிறதா என்று யாரும் கேட்க முடியாது. 1999-இல் அந்த ஸ்கோர் நோட்டை வைத்திருந்த எனக்கு அது இருந்தது.

இந்தக் கட்டுரையை எழுதத் தொடங்கியபோது, தொட்டிக்கரையில் நின்ற அந்தப் பையனைத் தேடிப் போனேன். அரசுப் பள்ளி ஒன்றில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறார். அன்று 'டா' போட்டுக் கூப்பிட்டவரை இன்று 'சார்' என்கிறேன். அவர் என்னை இன்னும் 'அண்ணா' என்றுதான் சொல்கிறார். பள்ளி விட்ட பிறகு, மைதானத்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பேசினோம். பிள்ளைகள் கோகோ ஆடிக்கொண்டிருந்தார்கள். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், "அந்த ஃபைனல் மேட்ச் ஞாபகம் இருக்கா சார்?" என்றேன்.

"ஏழு ரன்னு எழுதுனீங்களேண்ணா."

பயந்துபோய் நின்றுவிட்டீர்களா என்று கேட்டேன். அவர் விசிலை விரலில் சுற்றிக்கொண்டே கொஞ்ச நேரம் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பயமெல்லாம் இல்லண்ணா. எட்டி எடுத்துப் போட்டிருப்பேன், அடிச்சா அடிக்கட்டும்னு. எல்லாரும் பாக்கட்டும்னுதான் நின்னேன். யாராச்சும் ஒருத்தர் மேட்ச்ச நிறுத்துவீங்கன்னு நெனச்சேன்."